மலை பங்களா விசில்

சேலத்தில் காது மருத்துவர் கேட்ட கேள்விக்கு நான் யோசிக்காமலே “இல்லை” என்று சொல்லிவிட்டேன். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே காது மந்தமாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் எங்கள் பதினான்கு வயது மகள். மேசையின் மேல் அவளுடைய இரண்டு காதுகளுக்கும் எடுத்த வரைபடம் கிடந்தது. இரண்டு கோடுகளும் வலப்பக்கம் போகப் போகச் சரிந்து கீழே விழுந்திருந்தன. கூரான, மெல்லிய சத்தங்கள் முதலில் போகும், கனத்த சத்தங்கள் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று இரண்டு வருடமாக நான் அவளுடைய செல்போனைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அதைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியும் விட்டேன். அழுதாளே தவிர, காது கேட்கவில்லை என்று அவளும் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

அந்த “இல்லை” எனக்கு ஏறக்குறைய நாற்பது வருடப் பழக்கம். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள். என் கல்யாணப் பேச்சின்போதும் அப்படியே சொன்னோம். நேற்றுத்தான் கணவரிடம் வாயைத் திறந்தேன். என் தாய்மாமனுக்கு இருபத்தாறு வயதிலேயே காது போய்க்கொண்டிருந்தது என்றேன். “டாக்டர்கிட்டச் சொல்லணுமே” என்று மட்டும் அவர் சொன்னார். அவரிடம் நான் சொன்னது பாதி. ஒன்பது வயதில் அந்த மாமாவுக்கு நான் செய்த காரியம் மீதிப் பாதி. அதை நான் சொல்லவில்லை.

அப்போது நாங்கள் ஆட்டையாம்பட்டியில் இருந்தோம். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. காலையில் தொடங்கினால் சாப்பாட்டு நேரத்தைத் தவிரச் சத்தம் ஓயாது. சுவரில் மாட்டிய காலண்டர்கூட மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். மெல்லப் பேசுவது என்பது அந்தத் தெருக்காரர்களுக்கு மறந்தே போயிருந்தது. பால் எவ்வளவு வேண்டும் என்று பால்காரர் கேட்பது, வெளியூர்க்காரர்களுக்குச் சண்டைக்குக் கூப்பிடுவதுபோல் இருக்கும். கல்யாணம், கோயில் என்று வேறு ஊருக்குப் போனாலும் எங்கள் தெருக்காரர்கள் கத்தித்தான் பேசுவார்கள். அப்படிப்பட்ட தெருவில் ஒருவருக்குக் காது மந்தமானால் அது வெளியே தெரிய வெகுநாளாகும்.

வீட்டின் முன்னறைதான் மாமாவின் கடை. அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாததால் அம்மாதான் வளர்த்தாள். அப்பா லாரியோடு வடக்கே போனால் வர இருபது நாளாகும். ஆகவே வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மாமா பாட்டுப் பதிவு செய்து கொடுப்பார். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, புதுக் கேசட்டோடு கொண்டுவந்து கொடுத்தால் இரண்டு நாளில் கிடைக்கும். ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு போட்டால் கடைசியில் இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ நாடா மிஞ்சும். மற்றக் கடைகளில் அதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். மாமாவுக்கு அது மனம் பொறுக்காது. எழுபதுகளில் வந்த திகில் படங்களின் டைட்டில் இசையை எடுத்து அந்த மிச்சத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவார். அதற்குக் காசு கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது.

அதனால் எங்கள் ஊரில் பல வீடுகளில், பக்திப் பாட்டு முடிந்து கற்பூரம் அணையும் நேரத்தில், யாரோ யாரையோ காரில் துரத்துவார்கள். டிரம்பெட் அலறும், போங்கோ படபடக்கும், ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் ராகமாக வீரிடுவாள். தறிக்காரர் ஒருவர் கேசட்டும் கையுமாக வந்து நின்றது நினைவிருக்கிறது.

“ஏனுங்க தம்பி, முருகன் பாட்டு முடிஞ்சவொடனே எவனோ எவளையோ கொல்றானுங்க. வெளக்கு வெச்ச நேரத்துல எங்கம்மா கத்திப்போட்டாங்க.”

மாமா அவர் முகத்தையே பார்த்துக் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார். “கொல்ற வரைக்கும் போகலீங்க. தொரத்தறதோட நாடா தீந்துருச்சு.”

அந்தப் படங்களையெல்லாம் மாமா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுச் சேலத்துக்குப் போய்ப் பார்த்தவர். டைட்டில் முடிந்ததும் கதையில் அவருக்கு அக்கறை குறைந்துவிடுமாம். “பாட்டுல கதையச் சொல்லிப்போடுவாங்க சாமி. டைட்டில் மியூசிக்குல ஆரோ வாரான்னு மட்டுந்தான் சொல்லுவாங்க. ஆருன்னு சொல்லவே மாட்டாங்க. அதுதான் எனக்குப் புடிக்கும்” என்பார். இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, அந்தத் துண்டுகளை மட்டும் தனித்தனிக் கேசட்டுகளில் எடுத்து வைத்திருந்தார். படத்தின் பெயரை எழுதமாட்டார். தானே பெயர் வைப்பார். ‘மாடிப்படி’, ‘டெலிபோன்’, ‘ரயில் பெட்டி’, ‘மலை பங்களா’.

மலை பங்களாதான் அவருக்கு உயிர். அதில் தொடக்கத்தில் வாத்தியம் எதுவும் கிடையாது. ஒரு விசில் மட்டும். பனிக்குள் யாரோ ஒருவன் தன்பாட்டில் விசிலடித்துக்கொண்டு நடந்து வருவதுபோல், அரை நிமிடத்துக்கும் மேலே அது தனியாகப் போகும். இனி ஒன்றும் நடக்காது என்று தோன்றும்போது டிரம் விழும். பிறகு இரண்டு நிமிடம் எல்லா வாத்தியமும் ஓடும். கடைசியில் எல்லாம் அடங்கி, அந்த விசில் மட்டும் மறுபடி எழுந்து, வந்தவன் வந்த வழியே திரும்பிப் போவான். அந்த விசில் வந்தாலே நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

கடையில் கேசட் போடும் டெக்கின் முகப்பில் மஞ்சள் விளக்குப் போட்ட இரண்டு சின்னக் கண்ணாடிகள் இருந்தன. உள்ளே ஆளுக்கொரு முள். சத்தத்துக்கு ஏற்ப முள் ஏறி இறங்கும். ஆள் இல்லாத நேரத்தில் மாமா ஒரு வித்தை காட்டுவார். ஒலிக் குமிழை முழுக்க அடைத்துவிட்டு, ஏதாவது ஒரு திகில் கேசட்டைப் போடச் சொல்வார். பெட்டியிலிருந்து ஒரு சின்ன ஓசைகூட வராது. முள்ளை மட்டும் பார்த்துவிட்டு எது என்று சொல்லிவிடுவார். ஒருநாளும் தவறியதில்லை. சாதாரணப் பாட்டுகளில் அது முடியாது, எல்லாப் பாட்டுக்கும் முள் ஒரே மாதிரிதான் ஆடும் என்பார். திகில் இசைக்கு மட்டும் தனித்தனி நடை உண்டு. மாடிப்படிக்கு முள் ஒவ்வொரு படியாக ஏறும். டெலிபோனுக்குத் துள்ளிவிட்டுச் செத்துக் கிடக்கும், மறுபடி துள்ளும். மலை பங்களாவுக்கு முள் எழுந்தும் எழாமலும், தூங்குகிற குழந்தையின் வயிறுபோல மெல்ல உயர்ந்து தணியும்.

எனக்கும் கடையில் ஒரு பதவி இருந்தது. இன்ஸ்பெக்டர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பதிந்து முடித்த கேசட்டுகளை நான் கேட்டுப் பார்த்து, இரைச்சல் இருக்கிறதா, பாட்டு பாதியில் அறுந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். சம்பளம் இரண்டு கடலை மிட்டாய். “இதுல உஸ்ஸுன்னு வருது மாமா” என்பேன். “இன்ஸ்பெக்டர் சொன்னா மறுபேச்சு உண்டா?” என்று திரும்பப் பதிவார். என் புத்திக்கூர்மையைப் பார்த்துத்தான் அந்த வேலையைக் கொடுத்தார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அவருக்கு நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா சின்னதாகக் கோழிப்பண்ணை வைத்திருந்தார். அம்மாவும் மாமாவும் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்ததும் மாமா என்னைத் தூக்கிக் கடை மேசைமேல் உட்கார வைத்தார்.

“அந்தப் புள்ள நல்லா வாயத் தொறந்து பேசுது சாமி. மூஞ்சியப் பாத்து, ஒவ்வொரு வார்த்தையா.”

“எல்லாரும் வாயத் தொறந்துதான் மாமா பேசுவாங்க” என்றேன்.

“எங்கே! பாதிப் பேரு வாய்க்குள்ளயே பேசறாங்க. உங்கம்மாளப் பாரு.”

அதற்குப் பிறகு அவர் தினமும் சவரம் செய்துகொண்டார். கடைப் பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார். ஒரு கேசட்டில் மெல்லிய பாட்டுகளாகப் பொறுக்கி எடுத்துப் பதிந்தார். யாருக்கு என்று கேட்டால் சிரித்தார். கடைசி மிச்சத்தில் என்ன போடலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். கொலைகாரன் வேண்டாம், அந்த அக்கா பயந்துவிடுவார்கள் என்றேன். அந்த ஒரு கேசட்டில் மட்டும் மிச்ச நாடாவை வெறுமையாக விட்டார்.

பெண்ணைப் பார்த்தாகிவிட்டது, இனி அவர்கள் ஊடு பார்க்க வர வேண்டும். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீடு, தொழில் எல்லாவற்றையும் வந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் அங்கேயே சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டுப் போவார்கள். பிடிக்காத வீட்டில் பச்சைத் தண்ணீரோடு சரி. மற்றவர்கள் இதற்கு ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார்கள். அம்மா வியாழக்கிழமை மத்தியானம் வரச் சொன்னாள். ஞாயிறன்று தறி ஓடாது. அப்பா ஊரில் இல்லாததைப்பற்றியும் அவள் கவலைப்படவில்லை.

முந்தின நாள் கிணற்றடியில் அம்மாவும் மாமாவும் பேசியது என் காதில் விழுந்தது. மாமாவுக்குக் கேட்க வேண்டுமென்று அம்மா கத்தினாள். நான் துணி உலர்த்துவதுபோல் நின்று கேட்டேன்.

“அந்தப் புள்ளகிட்ட மட்டுமாச்சும் சொல்லிப்போடறனே அக்கா” என்றார் மாமா.

“கண்ணாலம் ஆயி ஆறு மாசம் போகட்டும், பொறவு நீயே சொல்லிக்கோ. இப்பச் சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? நாளைக்கு என்ற புள்ளய ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கோணுமா வேண்டாமா?”

மாமா வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். என்ன சொல்ல வேண்டும், ஏன் சொல்லக் கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை. என் கல்யாணத்தைப்பற்றி ஏதோ பேசுகிறார்கள் என்று வெட்கமாக இருந்தது.

வாடகைக் காரில் மூன்று பேர் வந்தார்கள். பெண்ணின் அப்பா, பெரியப்பா, அத்தை. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, பட்டுப் பாவாடை கட்டிவிட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா பேசாத மனிதர். பெரியப்பா அவருக்கும் சேர்த்துப் பேசினார்.

“ஏனுங்க மாப்ள, யாவாரமெல்லாம் எப்படிப் போகுதுங்க?”

மாமாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த அம்மா சலித்துக்கொண்டாள். “இந்தத் தறிச் சத்தத்துல ஒரு பேச்சும் கேக்கறதில்லீங்க. தம்பி, யாவாரம் எப்படின்னு கேக்கறாங்க பாரு.”

“ஏதோ ஓடுதுங்க” என்றார் மாமா.

இப்படியே அரை மணி நேரம் போயிற்று. அவர்கள் கேட்பதை அம்மா வாயை அகலமாகத் திறந்து திருப்பிச் சொல்வாள், மாமா பதில் சொல்வார். அவர்களும் கத்தினார்கள், நாங்களும் கத்தினோம். யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. பெரியப்பாவுக்கு மாமாவைப் பிடித்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. அம்மாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. பஜ்ஜி போட அடுப்படிக்குப் போனாள்.

“மாப்ளயோட தொழிலப் பாக்கோணுமல்லங்க” என்று பெரியப்பா எழுந்தார். எல்லாரும் முன்னறைக்கு வந்தோம். அடுக்கியிருந்த கேசட்டுகளை அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதவில்லை. என் மாமா எவ்வளவு பெரிய ஆள் என்பது இவர்களுக்கு இன்னும் தெரியவில்லையே என்று இருந்தது.

“எங்க மாமா சத்தமே இல்லாம பாட்டுக் கண்டுபிடிப்பாருங்க” என்றேன்.

“அதெப்படிச் சாமி?” என்றார் பெரியப்பா.

நானே குமிழை அடைத்தேன். நானே கேசட்டைப் போட்டேன். மாமா கூச்சத்தோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வேண்டாம் என்றுதான் அர்த்தம். அதற்குள் முள் ஏறத் தொடங்கிவிட்டது. பெரியப்பா குனிந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார்.

“மாடிப்படி” என்றார் மாமா.

பெரியப்பா குமிழைத் திறந்தார். மாடிப்படிதான் என்று நான் சாட்சி சொன்னேன். அடுத்தது டெலிபோன், அதற்கடுத்தது ரயில் பெட்டி. மூன்றும் சரி. பெரியப்பா கை தட்டினார். “அட சாமி! இந்த வித்தைக்கு டிக்கெட்டுப் போடலாமுங்க மாப்ள!” பேசாத அப்பாகூடச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். கடை முழுக்கச் சிரிப்பாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அத்தைதான் அதைச் சொன்னாள். அவள் மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. “முள்ளப் பாத்துத்தான சொல்றாரு. கண்ணப் பொத்திப்போட்டா?”

“கண்ணப் பொத்துனா சத்தம் வெக்கோணுமல்ல. சத்தம் வெச்சா ஆரு வேணாலும் சொல்லுவாங்க” என்றார் பெரியப்பா.

“ஆனா எங்க மாமா எல்லாத்துக்கும் முந்திச் சொல்லுவாரு! ஆரம்பிச்சவொடனே!” என்று நான் ஸ்டூலில் ஏறிவிட்டேன். மாமா அலமாரிப் பக்கம் திரும்பிக் கேசட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து அவர் கண்களை இரண்டு கைகளாலும் பொத்தினேன்.

“ஏய், என்ன சாமி, கண்ணாமூச்சியா?” என்று சிரித்தார்.

அவர் கட்டாயம் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக, மேசைமேல் தனியாக இருந்த மலை பங்களாவைப் பெரியப்பாவுக்குக் கண்ஜாடையால் காட்டினேன். அதன் முதல் மூச்சிலேயே எனக்குக்கூடத் தெரியும்போது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பெரியப்பா அதைப் போட்டுக் குமிழை நன்றாகத் திறந்தார்.

விசில் எழுந்தது. தறிகளின் தடதடப்புக்கு மேலே, அதைக் கிழித்துக்கொண்டு வந்தது. மூன்று பேரும் மாமாவின் முகத்தைப் பார்த்தார்கள், நானும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

மாமா சிரித்த முகத்தோடு நின்றார். தலையை லேசாகச் சாய்த்திருந்தார்.

“போட்டாச்சுங்களா?” என்றார்.

விசில் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். “மாப்ள வெளையாடறாருங்க.” அத்தை சிரிக்கவில்லை. கிட்டே வந்து மாமாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் காதோரம் வாயை வைத்து, “மலை பங்களா மாமா, மலை பங்களா” என்று கிசுகிசுத்தேன். மூச்சுக் கூசியதோ என்னவோ, தோளைக் குலுக்கினார்.

“நான் தயார். போடுங்க” என்றார்.

அப்போது டிரம் விழுந்தது.

“மலை பங்களா!” மாமா இரண்டு கைகளையும் தூக்கினார். “ஆரம்பிச்சவொடனே சொன்னேன் பாத்தீங்களா!”

என் உள்ளங்கைகளுக்குள் படபடத்துக்கொண்டிருந்த அவர் இமைகள் நின்றுவிட்டன. மலை பங்களா டிரம்மில் ஆரம்பிப்பதில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தப் பெயரைத் தன் வாயால் சொன்ன பிறகுதான், அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கையை எடுக்கப் போனேன். அவர் விடவில்லை. என் கைகளின் மேல் தன் கைகளை வைத்து, கண்களோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பெரியப்பா டெக்கை அணைத்தார். அடுப்படி வாசலில் அம்மா பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்தாள்.

அதுவரை பேசாமல் இருந்த பெண்ணின் அப்பா இப்போதுதான் வாயைத் திறந்தார். “எத்தன நாளா இப்படிங்க?”

“எப்படிங்க? தறிச் சத்தமுங்க, அதுல…” என்று அம்மா இழுத்தாள்.

“தறிச் சத்தம் எங்களுக்குந்தானுங்க கேக்குது.”

அவர் கோபமாகப் பேசவில்லை. “ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி உடறமுங்க” என்று அம்மாவைக் கும்பிட்டார். காரில் ஏறும்முன் அத்தை என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். பஜ்ஜி, கேசரி, வடை, வாழையிலை எல்லாம் அப்படியே இருந்தன. மாமா தோற்றுப்போனதால்தான் அவர்கள் கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு கேசரியும் இனி எங்களுக்குத்தான் என்பதும் தோன்றியது. “அடுத்த வாட்டி ஜெயிச்சிரலாம் மாமா” என்று சொல்லிக்கொண்டே ஒரு கிண்ணம் கேசரி தின்றேன். அம்மா வந்து முதுகில் இரண்டு அறை வைத்தாள். மூன்றாவதற்கு மாமா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவள எதுக்கு அடிக்கற? அவ என்ன பொய்யா சொன்னா?”

அம்மா உட்கார்ந்து அழுதாள். நான் அடிபட்டதற்கு அவள் ஏன் அழுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சம்பந்தம் வரவில்லை. செய்தி பரவிவிட்டதால் வேறு எதுவும் வரவில்லை. இரண்டு வருடத்தில் கடையை மூடிவிட்டு மாமா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் வேலைக்குப் போனார். அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. கல்யாணம் இல்லாமலே இருந்து, சில வருடங்களுக்கு முன்பு இறந்தார். பெண்ணின் அப்பாவை அம்மா கடைசிவரை சபித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. ஒரு பெண்ணைப் பெற்றவள் என்ற முறையில் அவர் கேட்ட கேள்வியை நானும் கேட்டிருப்பேன். மறைத்தது நாங்கள்தான். ஆனால் மாமா மறைக்க விரும்பவில்லை. சொல்ல நினைத்ததை அவரே அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால், வாயைத் திறந்து பேசுகிற அந்தப் பெண் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

என் மனதில் அந்த வியாழக்கிழமையைவிட அதற்கு மறுநாள்தான் இப்போது திரும்பத் திரும்ப வருகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. மாமா உள்ளே டெக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“இன்ஸ்பெக்டரே, ஒரு வேலை இருக்குது” என்றார். “மலை பங்களா கடைசில, எல்லாம் அடங்குன பொறவு விசில் மட்டும் வருமல்ல. அது தொடங்குனா கையத் தூக்கு. முடிஞ்சவொடனே எறக்கு.”

“முள்ளப் பாத்தாத் தெரியாதா மாமா?”

“அதுக்கு முள்ளு அசையறதில்ல சாமி. அவ்வளவு மெல்லிசு.”

கேசட்டைப் போட்டு, குமிழை முழுக்கத் திறந்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். வாத்தியங்களெல்லாம் ஓடி அடங்கின. விசில் எழுந்தது. கையைத் தூக்கினேன். மாமா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இமைக்கவில்லை. விசில் மெல்ல மெல்லத் தூரமாகப் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. எனக்குத் தோள் கடுத்தது. தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆட்டத்துக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள், என் பெயரைச் சொல்லி ஒருத்தி கத்தினாள். விசில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் கையை இறக்கிவிட்டேன்.

மாமா எட்டி டெக்கை நிறுத்தினார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் மாமா.”

“எனக்கென்னமோ இன்னும் வெகுதூரம் போறாப்பல ஞாபகம்.”

“இல்ல மாமா, முடிஞ்சிருச்சு.”

அவர் தலையாட்டினார். “நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நான்தான் தப்பா நெனச்சுக்கிட்டிருந்திருக்கறேன்.”

இரண்டு மிட்டாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஓடினேன். காதுக்கு எட்டாமல் போன அந்த விசில் அதுவரை அவருடைய ஞாபகத்தில் முழுசாக இருந்தது. என் கையைப் பார்த்து அவர் அதையும் பாதியாக வெட்டிக்கொண்டார். பாண்டிக் கட்டத்தில் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டிருந்தபோது, அது எனக்குத் தெரியாது.